வேர் பிடிக்கவைத்த கைகள்

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குக் கிழக்கே ரோட்ரிக்ஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 1986-ல் அங்கிருந்து லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் ஒரு குச்சி போய்ச் சேர்ந்தது. தீவு மக்கள் கஃபே மரோன் என்று அழைக்கும் செடியிலிருந்து வெட்டிய குச்சி அது. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்த இனமே அழிந்துவிட்டதாகத் தாவரவியலாளர்கள் முடிவுகட்டிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1980 வாக்கில் அந்தத் தீவின் ஒரு பள்ளி ஆசிரியர் பழைய படம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். படத்தில் இருந்த செடியை ஒரு மாணவன் நேரில் கண்டுபிடித்தான். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு மரம் அது. சேதி பரவியதும் மரத்துக்கு ஆபத்துதான் கூடியது. நாட்டு மருந்துக்கு உதவும் என்று ஊரார் இலையையும் கிளையையும் ஒடித்துப் போனார்கள். சுற்றி வேலி போட்டார்கள்; அந்த வேலியைத் தாண்டியும் ஆட்கள் வந்தார்கள்; வேலிக்கு மேல் வேலி போட்டார்கள். இந்த நிலையில்தான் அந்தக் குச்சி கியூவுக்குப் பயணமானது.

கியூவில் அது வேர் பிடித்தது. துளிர்த்து வளர்ந்தது. அதிலிருந்து வெட்டிய குச்சிகளும் செடிகளாயின. எல்லாம் பூத்தன, ஆனால் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் சூல்முடியில் விழுந்தும் பலனில்லை. விதை இல்லாத இனம் எத்தனை தொட்டிகளில் தழைத்து நின்றாலும் அது நீட்டிக்கப்பட்ட முடிவுதான். பதினேழு ஆண்டுகள் இப்படியே போயின. 2003-ல் கார்லோஸ் மக்டலேனா என்பவர் அங்கே வேலைக்கு வந்தார். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் பிறந்தவர். லண்டனில் ஓட்டல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லாதவர். நாற்றங்காலில் நின்று அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டே இருந்த அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மகரந்தம் முளைக்க வேண்டிய இடமான சூல்முடிதான் தடையாக நிற்கிறது என்றால், அதையே வெட்டிவிட்டால் என்ன? பிளேடால் சூல்முடியின் நுனியைச் சீவி, வெட்டுவாயின் மேல் நேராக மகரந்தத்தைத் தடவினார். ஒன்றிரண்டு பூக்களில் அல்ல, நூற்றுக்கணக்கான பூக்களில் செய்து பார்த்தார். கடைசியில் ஒரு காய் பிடித்தது. பசுமைக்குடிலுக்குள் எந்த மூலையில் வெப்பமும் வெளிச்சமும் கூடுதலாக இருக்கின்றனவோ அங்கே நின்ற செடி நன்றாகக் காய்க்கிறது என்பதையும் பிறகு கவனித்துக் கண்டுகொண்டார். அந்த விதைகளிலிருந்து வந்த தலைமுறை ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போனது.

இதை ஒரு நல்ல கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கண்டுபிடிப்பு நடந்த இடம் நாற்றங்கால். அதை நடத்தியவர் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தவர். தாவரவியல் பூங்கா என்றதும் நம் மனத்தில் எழுவது செடிகளின் பட்டியல், லத்தீன் பெயர்ப் பலகை, கண்ணாடி மாளிகை, அதை நிறுவிய துரைமாரின் பெயர்கள். செடிக்குப் பெயர் வைப்பது ஓர் அறிவு. அதைச் சாகாமல் வைத்திருப்பது இன்னோர் அறிவு. முதலாவதை அறிவியல் என்று கொண்டாடுகிறோம், இரண்டாவதைக் கூலிவேலை என்று கணக்கெழுதுகிறோம். இந்தப் பிரிவினை நியாயமற்றது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அது செடிகளுக்கே கேடு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பராமரிப்பவரின் அறிவைப் பதிவு செய்யாத, அவரை நிலையாக வைத்துக்கொள்ளாத பூங்கா, இன்றில்லாவிட்டால் நாளை தன் செடிகளையும் இழக்கும்.

கியூவின் பாம் ஹவுஸ் என்ற கண்ணாடி மாளிகையில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. என்செஃபலார்டோஸ் ஆல்டென்ஸ்டைனி என்று பெயர். நம் மதனகாமப்பூ மரத்தின் தூரத்து உறவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-ல் அதைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் மாசன். அவரும் ஒரு தோட்டக்காரர்தான். செடி சேகரிக்க கியூ அனுப்பிய முதல் ஆள். மைசூரில் ஹைதர் அலி ஆண்டுகொண்டிருந்த காலத்தில் தொட்டிக்குள் போன செடி இன்றும் தொட்டியிலேயே வாழ்கிறது. உலகத்தின் மிகப் பழைய தொட்டிச் செடி என்று அதைச் சொல்கிறார்கள். கியூவில் அது கூம்பு விட்டது ஒரே ஒரு முறை, 1819-ல். தரையில் நிற்கும் மரம் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். தொட்டியில் நிற்பதற்கு அந்த வழி கிடையாது. யாராவது ஊற்றினால்தான் உண்டு. ஆக, இந்த 250 ஆண்டுகளில் அதைக் காய விட்ட ஆளே கிடையாது, அழுக விட்ட ஆளும் கிடையாது. எத்தனையோ தலைமுறை ஆட்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்தப் பொறுப்பை இடைவெளி விடாமல் மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள். கொண்டுவந்தவரின் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. காப்பாற்றியவர்களின் பெயர் பலகையில் இல்லை.

அதே குடும்பத்தில் இன்னொரு செடி, என்செஃபலார்டோஸ் வுடி. ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் 1895-ல் தென்னாப்பிரிக்காவின் ஓன்கோயே காட்டில் ஒரே ஒரு புதரைக் கண்டார். ஆண் மரம். இந்த வகையில் ஆண் தனி, பெண் தனி. அதன் இணையைத் தேடி அன்று தொடங்கிய அலைச்சல் இன்று டிரோன் பறக்கவிட்டுத் தேடும் அளவுக்கு வந்திருக்கிறது, பெண் மரம் கிடைத்தபாடில்லை. காட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்டையும் 1916-ல் பெயர்த்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1899-ல் கியூவுக்கு வந்த செடி முதன்முதலாகக் கூம்பு விட்டது 2004-ல்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பூவும் இல்லை, காயும் இல்லை. பக்கத்தில் முளைக்கும் கன்றைப் பிரித்து நட்டு, அழுகாமல் வேர்விட வைத்து, மற்றப் பூங்காக்களுக்கு அனுப்பும் வேலை மட்டும் நடந்தது. உலகெங்கும் இன்று நிற்கும் வுடி மரங்கள் எல்லாமே இப்படிப் பிரித்து நட்டவைதான். இயற்கையாகப் பெருக வழியே இல்லாத ஓர் இனம் முழுக்க முழுக்க மனிதக் கையை நம்பி உயிரோடிருக்கிறது.

அறிவியல் கட்டுரையில் எழுதியிருப்பதும் அதைச் செய்துகாட்டுவதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு ருவாண்டாவின் குட்டி அல்லியைப் பார்க்கலாம். உலகத்திலேயே சிறிய அல்லி அதுதான். இலை ஒரு சென்டிமீட்டர் அளவே இருப்பதும் உண்டு. எபர்ஹார்ட் பிஷர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1980-களில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்தில் அதைக் கண்டுபிடித்தார். ஊற்று நீரை மக்கள் தங்கள் தேவைக்குத் திருப்பிவிட்டதில் 2008 வாக்கில் அந்த இடத்திலிருந்து அல்லி மறைந்தது. ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியல் பூங்காவில் சில செடிகள் இருந்தன. விதைகள் கியூவுக்கும் போயின. முளைத்தன, முளைத்ததும் செத்தன. அல்லி என்றால் தண்ணீருக்குள் வளர்ப்பதுதானே முறை? தண்ணீரின் கடினத்தன்மையை மாற்றிப் பார்த்தார்கள், வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை. இங்கேயும் முடிச்சை அவிழ்த்தவர் மக்டலேனாதான். அந்தச் செடி ஆழமான தண்ணீரில் நிற்பதில்லை, ஊற்றோரத்து ஈரச் சேற்றில்தான் வளர்கிறது என்பது கண்டுபிடித்தவரின் குறிப்பிலேயே இருந்தது. நீருக்கடியில் கரியமில வாயு போதாமல் நாற்று திணறுகிறது என்று அவர் ஊகித்தார். சிறு தொட்டியில் மண் நிரப்பி, தண்ணீர் மண்ணின் விளிம்போடு நிற்கும்படி வைத்து, 25 டிகிரி வெப்பத்தில் வளர்த்தார். 2009-ல் பூத்தது. பல பேர் படித்த குறிப்புதான் அது. நாற்று வாடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்த வரி செய்முறையாகக் கேட்டது.

இவரெல்லாம் ஆயிரத்தில் ஒருவர், விதிவிலக்கைக் காட்டிப் பொதுவிதி பேசக்கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். சாதாரணத் தோட்டத் தொழிலாளி களை எடுக்கிறார், கவாத்து செய்கிறார், தண்ணீர் ஊற்றுகிறார். அதில் என்ன அறிவியல்? தண்ணீர் ஊற்றுவதையே எடுத்துக்கொள்வோம். மண் தொட்டிகள் புழங்கிய காலத்தில் ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் தோட்டக்காரர்கள் ஒரு சின்ன மரச்சுத்தியோடு நடப்பார்கள். தொட்டியைத் தட்டினால் 'ணங்' என்று ஒலித்தால் மண் காய்ந்திருக்கிறது. சத்தம் அமுங்கிக் கேட்டால் ஈரம் இருக்கிறது. தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே எடையைக் கொண்டு ஈரத்தைச் சொல்லும் ஆட்கள் நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் இன்றும் உண்டு. மேல்மண் உலர்ந்து தெரிந்தாலும் அடிமண் சொதசொதவென்று இருக்கலாம். இலை துவள்வது தண்ணீர் போதாததாலும் இருக்கலாம், தண்ணீர் மிகுந்து வேர் அழுகியதாலும் இருக்கலாம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்று, வைத்தியம் நேரெதிர். தவறாகக் கணித்து ஊற்றும் ஒரு பூவாளித் தண்ணீரில் ஓர் அரிய செடி போய்விடும். ஒவ்வொரு காலையிலும் நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்கு முன் நின்று இந்த முடிவை எடுப்பவரைத்தான் 'தண்ணீர் ஊற்றுபவர்' என்கிறோம். மக்டலேனா விதிவிலக்கானது திறமையில் மட்டும் இல்லை. அவர் யோசித்ததைச் செய்து பார்க்க நிறுவனம் விட்டது, செய்ததை அவர் பெயரிலேயே உலகம் கேட்டது. இந்த இரண்டும் வாய்க்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் சாட்சி. 1714-ல் மருந்துத் தோட்டமாகத் தொடங்கிய அந்த நகரத்துத் தாவரவியல் பூங்கா, ஜெர்மானிய முற்றுகையில் சிக்கிய 1941 நவம்பரில் குண்டுவீச்சில் கண்ணாடிக் குடில்களை இழந்தது. ரஷ்யக் குளிர் உள்ளே புகுந்ததும் பல தலைமுறைகளாக வளர்த்த வெப்பமண்டலச் செடிகள் உறைந்து மடிந்தன. நகரம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. நிகோலாய் குர்னகோவ் என்ற தோட்டக்காரர் கள்ளிச்செடித் தொகுப்பைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காத்தார். சாப்பாட்டுக்கே வழியில்லாத குளிர்காலத்தில் கள்ளித் தொட்டிகளுக்கு வீட்டில் இடம் கொடுப்பதை எந்த மேலதிகாரியும் உத்தரவாகப் போட முடியாது. ஒரு தொகுப்பு பிழைக்க வேண்டுமானால் அதைத் தன்னுடையது என்று நினைக்கும் ஆள் ஒருவராவது வேண்டும்.

இந்த வாதத்துக்கு நம் பக்கத்துச் சான்று ஊட்டியில் இருக்கிறது. அரசு தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மக்கைவர், கியூவில் தோட்டக்காரராகத் தேர்ந்தவர். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தபோது, 1860-களில் அதை நீலகிரியில் வளர்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. மருந்து பட்டையில் இருக்கிறது. பட்டையை உரித்தால் மரம் சாகும். மரத்தை வெட்டினால் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மக்கைவர் பட்டையை நெடுக்குவாட்டில் கீற்றுக் கீற்றாக, ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. வேதியியலாளர்கள் சோதித்தபோது அந்தப் புதுப்பட்டையில் கொயினா கூடுதலாகவே இருந்தது தெரிந்தது. வெயிலும் காற்றும் படாமல் காயத்தைப் பொத்திவைத்தால் மரம் தானே ஆற்றிக்கொள்ளும் என்ற தோட்டக்காரரின் ஊகம் ஒரு மருந்துத் தொழிலின் கணக்கையே மாற்றியது. ஆனால் பாசியைச் சேகரித்தவர்கள், நனைத்தவர்கள், ஆயிரக்கணக்கான மரங்களில் சுற்றிக் கட்டியவர்கள் யார்? நீலகிரித் தோட்டங்களில் கூலிகளோடு, மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களை அடைத்துவைத்த நடுவட்டம் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கட்டடத்துக்கு இருக்கும் நினைவு அதற்குள் கிடந்தவர்களின் வேலைக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும், எழவும் வேண்டும். தாவரவியல் பூங்காக்களே காலனி ஆதிக்கத்தின் கருவிகள்தானே. சிங்கோனாவும் ரப்பரும் ஓரிடத்து மக்களின் செல்வத்தை இன்னோரிடத்து லாபமாக்கிய கதைகள்தானே. அந்த நிறுவனத்தின் கைத்திறனைப் புகழ்வது அந்தச் சுரண்டலுக்கு வெள்ளையடிப்பதாகாதா? வரலாறு உண்மை. அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த வரலாற்றை உற்றுப் பார்த்தால் என் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. பொலிவியாவைச் சேர்ந்த மானுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர், எந்தச் சிங்கோனா மரத்தில் கொயினா மிகுதி என்பதைப் பார்த்தே சொல்லக்கூடியவர். உறைபனியில் பூக்கள் கருகிப்போன ஆண்டுகளைக் கடந்து, நல்ல விதை முற்றும் பருவத்துக்காகக் காத்திருந்து அவர் பறித்துத் தந்த விதைகளை, சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் 1865-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். டச்சுக்காரர்கள் அதை வாங்கி ஜாவாவில் வளர்த்து உலகக் கொயினாச் சந்தையையே பிடித்தார்கள். அந்த மரத்துக்கு வைத்த பெயர் சிங்கோனா லெட்ஜரியானா. மமானி விதை கொடுத்த குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு, வெளியே வந்த சிறிது காலத்திலேயே இறந்தார். செடியை அறிந்தவனிடமிருந்து அறிவை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வழக்கம் அந்தக் காலத்தில் ஊன்றப்பட்டது. இன்று தோட்டத் தொழிலாளியைப் பெயரில்லாத ஆளாக வைத்திருப்பது அதே வழக்கத்தின் தொடர்ச்சி. காலனியத்தை எதிர்ப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

அடுத்த மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. விதை வங்கி வந்துவிட்டது. விதையை உலர்த்தி உறைகுளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். தினம் தண்ணீர் ஊற்றி ஒரு மரத்தைக் காப்பதைவிட அது மலிவு. கியூவின் மில்லேனியம் விதை வங்கியில் கோடிக்கணக்கான விதைகள் இருக்கின்றன, அருமையான பணி. ஆனால் எல்லா விதையும் உலர்த்தலைத் தாங்காது என்பது மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் கையாண்ட நமக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. பலாக்கொட்டையை நன்றாகக் காயவைத்து அடுத்த ஆண்டு ஊன்றினால் முளைக்காது. ஈரம் போனதும் உயிரும் போய்விடும். மழைக்காட்டு மரங்கள் பலவும் இப்படித்தான். மிகக் கடுமையான அழிவாபத்தில் இருக்கும் தாவரங்களில் 36 சதவீதத்தின் விதைகள் உலர்த்தலைத் தாங்காதவையாக இருக்கும் என்று கியூவின் ஆய்வாளர்களே 2018-ல் கணக்கிட்டார்கள். அவற்றை உயிருள்ள செடியாக நட்டு வளர்ப்பதுதான் இப்போதைக்கு நம்பகமான வழி. உலர்த்தலைத் தாங்கும் விதையும் என்றைக்காவது முளைக்கவைக்கப்பட வேண்டும். கதவைத் திறந்து விதையை எடுத்த அன்று, அதை எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எவ்வளவு நிழலில் போடுவது என்று தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அந்த வங்கியில் இருப்பது விதை இல்லை, வெறும் சரக்கு.

காட்டைக் காப்பாற்றினால் போதும், தொட்டியில் வைத்துக் காப்பது எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. எனக்கு இதில் பாதிக்கு மேல் உடன்பாடு. காடுதான் முதல், பூங்கா அதற்கு மாற்றாக முடியாது. ஈஸ்டர் தீவின் தோரோமிரோ மரம் இதைக் கசப்பாகச் சொல்லித்தருகிறது. தீவில் இருந்த கடைசி மரம் 1960-ல் போய்விட்டது. அதற்குமுன் நார்வே ஆய்வுப்பயணி தோர் ஹெயர்தாலின் குழு எடுத்துவந்த விதைகளிலிருந்து சுவீடனின் கோதன்பர்க் தாவரவியல் பூங்கா மரங்களை வளர்த்தது. பிற்பாடு கன்றுகளைத் தீவுக்குத் திருப்பி அனுப்பி நட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. மண் மாறியிருந்தது, வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணில் இல்லாததும் ஒரு காரணம் என்று கருதி அந்த வழியிலும் முயன்று வருகிறார்கள். பூங்கா காத்தது இனத்தை. அதற்கு வீடாக இருந்த மண்ணை அதனால் காக்க முடியவில்லை. இதிலிருந்து பூங்கா வீண் என்ற முடிவுக்கு வரலாமா? கோதன்பர்க்கில் யாரும் விதை போட்டிராவிட்டால் இன்று திரும்ப முயல்வதற்கு ஒரு கன்றுகூட இருந்திருக்காது. தோரோமிரோ சொல்லும் பாடம் வேறு: செடியை அனுப்பினால் மட்டும் போதாது, அந்த மண்ணை அறிந்து அதைப் பேணும் ஆளையும் அங்கேயே உருவாக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்க முடியும் என்பதற்கு வயநாட்டின் குருகுலம் தாவரச் சரணாலயம் இருக்கிறது. வுல்ஃப்கங் தியோர்கௌஃப் என்ற ஜெர்மானியர் 1981-ல் மழைக்காட்டின் விளிம்பில் தொடங்கிய இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏறத்தாழ 2000 தாவர இனங்கள் அங்கே வளர்கின்றன. பெரணி, ஆர்க்கிட், காசித்தும்பை இனங்கள் என்று மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழும் மென்மையான செடிகள் பல. இவற்றைப் பெருக்குபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். எந்த ஆர்க்கிட் எந்த மரப்பட்டையில் பிடிக்கும், மழை வலுக்கும் மாதத்தில் எதை மேலே தூக்கிக் கட்டவேண்டும், பெரணியின் இலைக்கடியில் வித்துகள் எப்போது பழுத்து உதிரும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் அறிவு. சாலைக்காகவும் எஸ்டேட்டுக்காகவும் வெட்டிய காடுகளிலிருந்து மீட்ட செடிகளை அவர்கள் பிழைக்கவைக்கிறார்கள். சிதைந்த நிலம் மறுபடி காடாக உதவுகிறார்கள். அங்கே தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே சண்டை இல்லை. அந்தப் பெண்கள் இரண்டுக்கும் நடுவே வேலை செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டால் யாரைக் கொண்டும் செய்யலாமே, ஈரம் காட்டும் கருவி வந்துவிட்டதே என்று கேட்பவர்களும் உண்டு. எழுதத்தான் வேண்டும், அதுவே என் கோரிக்கையில் பாதி. ஆனால் தெரிந்தவரைக் கேட்காமல் எப்படி எழுதுவது? சமையல் குறிப்பில் உப்பு தேவையான அளவு என்று போட்டிருக்கும். அந்தத் தேவையான அளவுக்குள் முப்பது ஆண்டுப் பழக்கம் ஒளிந்திருக்கிறது. கருவி ஈரத்தின் அளவைச் சொல்லும்; இந்தச் செடிக்கு இன்றைக்கு அந்த ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்லாது. அதைச் சொல்ல அந்தச் செடியோடு பல கோடைகளையும் மழைக்காலங்களையும் கழித்த ஆள் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒப்பந்த ஆளிடம் இதை எதிர்பார்ப்பது அவருக்கே செய்யும் அநீதி.

உலகத் தாவரவியல் பூங்காக்களில் என்னென்ன இருக்கின்றன என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. 1,05,634 இனங்கள், அறியப்பட்ட தாவரங்களில் சுமார் 30 சதவீதம். அழிவாபத்தில் உள்ளவற்றில் 41 சதவீதம். நெஞ்சை நிமிர்த்தவைக்கும் எண்கள். அதே ஆய்வில் இன்னோர் உண்மையும் இருக்கிறது. எந்தப் பூங்காவிலும் இல்லாத இனங்களில் பெரும்பகுதி வெப்பமண்டலத்துக்கு உரியவை. பூங்காக்கள் மிகுந்திருப்பது குளிர்நாடுகளில். செடிகள் மிகுந்திருப்பது நம் பக்கம். லண்டன் குளிரில் எரிபொருள் எரித்துக் காக்க வேண்டியதை அகத்தியமலை அடிவாரத்தில் திறந்தவெளியில் காக்கலாம். அப்படியிருக்க இந்த இடைவெளியை நிரப்பும் கடமை நம்முடையதுதான். அதற்கு நிலமும் கண்ணாடி மாளிகையும் மட்டும் போதாது.

நம் நாட்டில் தாவரவியல் பூங்கா என்பது பெரும்பாலும் சுற்றுலாத் தலம். ஊட்டியில் மே மாத மலர்க் கண்காட்சிக்காக ஆயிரக்கணக்கான தொட்டிகளில் நாற்று விட்டு, அத்தனையும் குறித்த வாரத்தில் பூக்கும்படி செய்கிறார்கள். விதைப்பு நாளில் சில நாள் பிசகினாலும் கண்காட்சியன்று மொட்டாகவே நிற்கும், அல்லது வாடிக் கிடக்கும். அந்தத் துல்லியம் சாதாரண வித்தையில்லை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. மக்கள் பூப் பார்க்க வரட்டும், அந்த வருமானம் பூங்காவுக்கு வேண்டும். ஆனால் ஓராண்டுப் பூச்செடிக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்கு அதே மலையின் சோலைக்காட்டு மரங்களுக்குக் கிடைக்க வேண்டாமா? நீலகிரியின் அரசுப் பூங்காக்களிலும் பண்ணைகளிலும் தற்காலிகத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிய செய்தியை நாம் சம்பளப் பிரச்சினையாக மட்டும் படித்துக் கடந்தோம். அது தாவரப் பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர், பத்தாண்டு கழித்து முதன்முதலாகப் பூக்கப்போகும் மரத்தின் மீது எப்படி அக்கறை வைப்பார்?

இதற்கெல்லாம் பணம் எங்கே, அறிவுக்கு யார் விலை போடுவது என்ற கேள்விக்குக் கேரளத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியை ஆராய்ந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிப்பு உரிமத்தை ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தபோது, உரிமக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கியது. செயல்படுத்தியதில் சிக்கல்களும் சச்சரவுகளும் இருந்தன. இருந்தாலும், செடியை அறிந்தவருக்கு அதன் பலனில் பங்குண்டு என்பதை ஒரு தாவரவியல் பூங்கா தன் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுக்கொண்டது. மமானிக்குக் கிடைக்காதது அது.

நான் கேட்பது அதைவிட எளிது, செலவும் குறைவு. ஒவ்வொரு பூங்காவிலும் செடிகளுக்கு வரவுப் பதிவேடு உண்டு. இனத்தின் பெயர், எங்கிருந்து வந்தது, என்று வந்தது, சேகரித்தவர் யார் என்று கட்டங்கள் இருக்கும். உலர்தாவரத் தாள் ஒன்றில் சேகரித்தவரின் பெயர் 200 ஆண்டானாலும் அழியாமல் இருக்கிறது. அதே பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம்: வேர் பிடிக்கவைத்தவர் யார், எப்படிச் செய்தார். எந்த மாதம் வெட்டிய குச்சி, மணல் எவ்வளவு, மட்கு எவ்வளவு, எத்தனை போயின, எத்தனை பிழைத்தன என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒருவர் போதும். தோற்ற முயற்சிகளையும் எழுத வேண்டும். குட்டி அல்லி எப்படியெல்லாம் செத்தது என்று தெரிந்ததால்தான் எப்படிப் பிழைக்கும் என்று தெரிந்தது. அத்தோடு, அரிய இனங்களைப் பார்த்துக்கொள்பவருக்காவது நிரந்தரப் பணியிடம், அவருக்குக் கீழே பழக ஓர் இளையவர், இருவரும் சேர்ந்திருக்கச் சில ஆண்டுகள். ஊட்டிப் பூங்காவுக்கு 2048-ல் 200 வயது ஆகிறது. அங்கே முப்பது நாற்பது ஆண்டுகளாக மண்ணில் கை வைத்தவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள். இரண்டு கட்டங்களையும் நிரப்பும் வேலையை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும், இந்த ஆண்டே.